வாங்கிய பின் வருந்தும் உடைகளும் நகைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடையோ நகையோ வாங்கிவிட்டு மனம் நொந்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அதே பதிலைச் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைப்பது மேல் என்று இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. முதலில் உடை, அடுத்து நகை, கடைசியில் இரண்டுக்கும் பொதுவானவை.

கடையில் அவ்வளவு பிடித்திருந்தது, வீட்டுக்கு வந்ததும் ஏன் பிடிக்காமல் போகிறது?

கடையில் நீங்கள் அந்த உடையைப் பார்த்த நிலைமை வேறு, அதை அணியப்போகும் நிலைமை வேறு. கடை விளக்கின் கீழ் ஒன்றோடொன்று பொருந்துவதாகத் தெரிந்த இரண்டு துணிகள் பகல் வெளிச்சத்தில் பொருந்தாமல் போவது உங்கள் கண்ணின் பிழையன்று. இரண்டிலும் ஏற்றப்பட்ட சாயங்கள் வேறாக இருந்தால், விளக்கு மாறும்போது அவை எதிரொளிக்கும் நிறமும் வெவ்வேறு விதமாக மாறும். ஆகவே நிறத்தை நம்பி வாங்கும் எதையும் வாசலருகே கொண்டுபோய் இயற்கை ஒளியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு காரணம் உடலின் நிலை. அணிந்து பார்க்கும் அறையில் நாம் நிமிர்ந்து, வயிற்றை உள்ளிழுத்து, அசையாமல் நிற்கிறோம். உடையை உண்மையில் அணியும் நாளிலோ பெரும்பகுதி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். எனவே அந்த அறையிலேயே உட்கார்ந்து எழுந்து, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, தரையில் கிடக்கும் ஒன்றை எடுப்பதுபோல் குனிந்து பாருங்கள். மார்புப் பொத்தான்களுக்கிடையே வாய் திறந்தாலோ, அக்குளில் பிடித்தாலோ, இடுப்பில் அழுத்தினாலோ அந்த உடையை ஒரு முழு நாள் உங்களால் தாங்க முடியாது. இதைச் செய்ய வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த அறைக்குக் கதவு இருப்பதே இதற்காகத்தான்.

அலமாரி நிறையத் துணி இருக்கிறது, ஆனால் உடுத்திக்கொள்ள ஒன்றுமே இல்லை. இது எப்படி?

ஒவ்வொன்றையும் தனித்தனியாக விரும்பி வாங்கியதன் விளைவு இது. மேலாடை ஒரு நாள், கீழாடை ஒரு நாள் என்று வாங்கும்போது ஒவ்வொன்றும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சேர்த்து அணிய இணை இல்லாததால் எதுவும் வெளியே வருவதில்லை. ஓர் உடையைக் கையில் எடுத்ததும், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் எந்த மூன்றோடு இதை அணிவேன் என்று பெயர் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த ஓர் உடை இன்னும் இரண்டை வாங்க வைக்கும்.

வேறொரு வகையும் உண்டு. வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறவர், விருந்துக்குப் போகும் உடையாகவே வாங்கிச் சேர்ப்பார். நாம் வாழும் வாழ்க்கைக்கு வாங்காமல், வாழ விரும்பும் வாழ்க்கைக்கு வாங்குவதால் வரும் நெருக்கடி அது. கடந்த ஒரு மாதத்தில் எங்கெங்கே போனீர்கள் என்று எழுதிப் பார்த்தால், எந்த வகை உடைக்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பாதி விலைக்குக் கிடைத்தால் லாபம்தானே?

அணிந்தால் லாபம். கொடுத்த விலையை அணிந்த தடவைகளால் வகுத்துப் பாருங்கள்: பாதி விலைக்கு வாங்கி இரண்டே முறை அணிந்த உடை, அதே உடையை முழு விலைக்கு வாங்கி நாற்பது முறை அணிந்தவருக்கு ஆனதைவிட, ஒரு தடவைக்குப் பத்து மடங்கு செலவாகியிருக்கிறது. அடித்துக் காட்டப்பட்ட பழைய விலையை மறைத்துவிட்டு, புதிய விலைதான் இதன் உண்மை விலை என்றால் வாங்குவேனா என்று கேட்டுக்கொள்வது பெரும்பாலான தள்ளுபடி வருத்தங்களைத் தவிர்க்கும். 'இன்று மட்டும்' என்ற அவசரத்தில் நாம் துணியைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

துணியும் தையலும் நல்லவையா என்று கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெய்தல் சீராக இருக்கிறதா, அங்கங்கே மெலிந்திருக்கிறதா என்பது உடனே தெரியும். பிறகு ஒரு மூலையைக் கைக்குள் கசக்கிச் சில நொடி பிடித்து விடுங்கள். மாலை நான்கு மணிக்கு அந்த உடை எப்படி இருக்கும் என்பதை அந்தச் சுருக்கமே காட்டிவிடும். பின்னலாடையானால் மெதுவாக இழுத்து விட்டு, பழைய வடிவுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். டி-சட்டைகளில் 'ஜி.எஸ்.எம்.' என்ற எண் போட்டிருந்தால் அது ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் கிராமில் சொல்வது. 140க்குக் கீழே போனால் துணி மெல்லியது, உள்ளாடை தெரிய வாய்ப்புண்டு.

அடுத்து உடையை உள்பக்கம் திருப்புங்கள். மட்டமான உடை தன்னை மறைத்துக்கொள்ள முடியாத இடம் உள்பக்கம்தான். தையலின் இருபுறமும் துணியைப் பிடித்து மெல்ல இழுத்தால் நூல்களுக்கிடையே வெளிச்சம் தெரிகிறதா, ஓரங்கள் பிசிறில்லாமல் ஓவர்லாக் செய்யப்பட்டிருக்கின்றனவா, மடித்துத் தைத்த இடத்தில் பிரித்து விடுவதற்குத் துணி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டம், கோடு போட்ட துணியில் பக்கத் தையலில் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தால், தைத்தவர் துணியை மிச்சப்படுத்துவதற்காக வெட்டவில்லை என்று பொருள். ஜிப்பை மூன்று நான்கு முறை ஏற்றி இறக்குங்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிட வேலை.

நூறு சதவீதம் பருத்தி என்று போட்டிருந்தால் போதாதா? பாலியஸ்டர் கலந்தது மட்டம்தானே?

இரண்டுமே முழு உண்மையல்ல. பருத்தியிலேயே இழை நீளம் வேறுபடும். சாதாரணப் பருத்தியின் இழை 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்க, மிக நீண்ட இழைப் பருத்தி 34 மில்லிமீட்டருக்கும் மேல் போகும். இழை குட்டையாக இருந்தால் நூலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் அதிகம். உரசும்போது அவை சுருண்டு, துணியின் மேல் உருண்டை உருண்டையாகப் பிடிக்கின்றன. பருத்தியோடு பாலியஸ்டர் கலந்த துணியில் இந்த உருண்டைகள் உதிராமல் நிற்கும், ஏனென்றால் அவற்றைப் பிடித்துவைக்கும் பாலியஸ்டர் இழை எளிதில் அறுவதில்லை. ஆனால் அதே பாலியஸ்டர்தான் துணியைச் சுருங்காமலும் கசங்காமலும் வைக்கிறது. வெயிலில் நடப்பவருக்குப் பருத்தியோ லினனோ நல்லது. பயணத்தில் இஸ்திரி போட முடியாதவருக்குக் கலப்புத் துணி நல்லது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது விஸ்கோஸ் என்றும் ரேயான் என்றும் எழுதப்பட்ட துணியில். கைக்கு வழவழப்பாக, உடம்பில் அழகாக விழும். ஆனால் நனைந்தால் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். பருத்தியோ நனைந்தால் வலுக்கூடும். இரண்டையும் ஒரே மாதிரி முறுக்கிப் பிழிவதால்தான் முதலாவது உருக்குலைகிறது. ஸ்பான்டெக்ஸ் கலந்த இழுபடும் துணிகளுக்குச் சூடும் குளோரினும் பகை. இஸ்திரிப் பெட்டியும் நீச்சல் குளமும் அவற்றின் இழுவையைச் சீக்கிரம் தீர்த்துவிடும்.

ஒரே துவைப்பில் சுருங்கிப்போய், சாயமும் போய்விட்டது. வாங்கும்போதே தெரிந்துகொள்ள வழி உண்டா?

சாயத்துக்கு உண்டு. நனைத்த வெள்ளைக் கைக்குட்டையை உடையின் உள்மடிப்பில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஒட்டினால் துவைக்கும்போதும் ஒட்டும். அடர் நீலம், கறுப்பு, சிவப்பு ஆகிய நிறங்களில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கடையில் அனுமதிக்காவிட்டால் வீட்டில், விலைச்சீட்டைக் கழற்றும் முன் செய்யலாம்.

சுருக்கம் அவ்வளவு எளிதில் பிடிபடாது. நெய்யும்போதும் முடிக்கும்போதும் இழுத்துப் பிடிக்கப்பட்ட பருத்தி நூல், தண்ணீர் பட்டதும் தளர்ந்து தன் நீளத்துக்குத் திரும்புகிறது. கம்பளியில் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் அது மீளவே மீளாது. அதனால் துவைக்கும் குறிப்பை வாங்குவதற்கு முன்பே படிக்க வேண்டும். தொட்டி என்றால் துவைப்பது, முக்கோணம் வெளுப்பான், சதுரம் உலர்த்துவது, இஸ்திரிப் பெட்டி வெளிப்படை, வட்டம் உலர்சலவை. மேலே பெருக்கல் குறி இருந்தால் அதைச் செய்யக்கூடாது. தொட்டியின் மேல் பெருக்கல் குறியும் பக்கத்தில் வட்டமும் உள்ள உடையைத் தினசரி உடுப்பாக வாங்குகிறீர்கள் என்றால் சலவைக் கூலியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

என் அளவு ஒவ்வோர் இடத்திலும் மாறுகிறது. இணையத்தில் எப்படித்தான் வாங்குவது?

'எம்', 'எல்' என்ற எழுத்துகளை எல்லோரும் ஒரே அளவுக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே உடம்பை அளக்காதீர்கள். உங்களுக்கு மிகப் பொருத்தமாக இருக்கும் பழைய உடையை மேசையில் விரித்து, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, அக்குளிலிருந்து அக்குள் வரை, கழுத்தடியிலிருந்து கீழ்விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதை விற்பவர் தரும் உடை அளவோடு ஒப்பிடுங்கள். அளவு அட்டவணை உடம்புக்குரியதா உடைக்குரியதா என்று பார்க்காமல் வாங்கியதே பல வருத்தங்களின் மூலம்.

சற்றே பொருந்தாததைத் தையற்காரரிடம் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று நினைத்து வாங்குவதில் ஒரு வரம்பு உண்டு. நீளத்தைக் குறைப்பதும் இடுப்பைப் பிடிப்பதும் எளிது. தோளை மாற்றுவது கையைப் பிரித்து மீண்டும் தைக்கும் வேலை. தோள் பொருந்தாத உடையை விட்டுவிடுங்கள். பெரிதாக்குவதற்கு உள்ளே துணி மிச்சம் வேண்டும் என்பதை மேலே தையல் பற்றிய பதிலில் சொன்னேன்.

இன்னும் கொஞ்சம் இளைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று வாங்கலாமா?

வேண்டாம். இளைத்த பின் வாங்குங்கள். அப்போது உங்கள் உடலின் எந்தப் பகுதி எவ்வளவு மாறியிருக்கும் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

பையில் வைத்திருந்த தோல் ஜாக்கெட் அணியாமலே உரிந்துவிட்டது. ஏன்?

அது தோலாக இருந்திருக்காது. துணியின் மேல் பாலியூரித்தேன் பூச்சுப் பூசிய செயற்கைத் தோல், காற்றிலுள்ள ஈரத்தால் வேதி முறையில் சிதைகிறது. அணிந்தாலும் பூட்டிவைத்தாலும் சில ஆண்டுகளில் அது செதில் செதிலாகக் கழன்று வரும். தோல் தூளைப் பசையால் ஒட்டி மேலே பூச்சிட்டதும் இப்படித்தான். இதை நாளைக்கென்று சேமித்துவைக்காமல் வாங்கியவுடன் அணிந்து பயன்படுத்துவதே நியாயம்.

தங்க முலாம் பூசிய நகை சில மாதத்தில் கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை, முலாம் என்றால் என்ன என்று சொல்லாமல் விற்றிருக்கிறார்கள், அவ்வளவே. பித்தளையின் மேல் ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேறாத மெல்லிய தங்கப் படலம் ஏற்றியதும் 'முலாம்' என்ற பெயரில்தான் விற்கிறது. வெள்ளியின் மேல் தடிமனாகப் பூசிய வெர்மெய்லுக்குப் பொதுவாக 2.5 மைக்ரான் எதிர்பார்க்கப்படுகிறது. இவற்றையெல்லாம்விட நீடிப்பது, எடையில் இருபதில் ஒரு பங்காவது தங்கத் தகடு வைத்து அழுத்திப் பிணைத்த 'கோல்டு ஃபில்டு' வகை. வாங்குமுன் அடியில் என்ன உலோகம், மேலே எத்தனை மைக்ரான் என்ற இரண்டையும் கேளுங்கள்.

எந்த இடத்தில் அணிகிறோம் என்பது இன்னும் முக்கியம். காதணி எதனோடும் உரசுவதில்லை. மோதிரமும் வளையலும் நாளெல்லாம் உரசுகின்றன. முலாம் காதணி வாங்குவதில் தவறில்லை, முலாம் மோதிரத்தைத் தினமும் அணியத்தான் வாங்கக்கூடாது. வாசனைத் திரவியம், வியர்வை, சோப்பு ஆகிய மூன்றும் படலத்தைச் சீக்கிரம் தின்னும் என்பதால், நகையைக் கடைசியில் அணிந்து முதலில் கழற்ற வேண்டும்.

மோதிரம் போட்டால் விரல் பச்சையாகிறது, கம்மல் போட்டால் காது அரிக்கிறது. இரண்டும் ஒவ்வாமைதானே?

முதலாவது ஒவ்வாமையன்று. நகையிலுள்ள செம்பு வியர்வையோடு வினைபுரிந்து விடும் கறை அது, கழுவினால் போய்விடும். அரிப்பு, சிவப்பு, நீர் கசிவு என்றால் நிக்கல் காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஒருமுறை வந்துவிட்ட நிக்கல் ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம், தோலில் படும் பொருள்களிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேலும், குத்திய துளைக்குள் போகும் தண்டுகளிலிருந்து 0.2 மைக்ரோகிராமுக்கு மேலும் நிக்கல் வெளிவரக்கூடாது என்று வரம்பு விதித்திருக்கிறது. 'ஒவ்வாமை தராதது' என்ற பொதுவான சொல்லை நம்பாமல், உலோகத்தின் பெயரைக் கேளுங்கள். டைட்டானியமும் நியோபியமும் பெரும்பாலோருக்கு ஒத்துப்போகின்றன.

நகையில் 916, 750 என்று போட்டிருக்கிறதே, பெரிய எண்ணைத்தானே வாங்க வேண்டும்?

ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்பதே அந்த எண். 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18, 585 என்றால் 14, 375 என்றால் 9. 925 என்று இருந்தால் அது வெள்ளி. எண் கூடக் கூடத் தங்கம் மிகும், கூடவே மென்மையும் மிகும். கல்லைக் கவ்விப் பிடிக்கும் மெல்லிய கொக்கிகள் 22 காரட்டில் எளிதில் வளைந்துகொடுக்கும். அதனால்தான் வைர நகைகள் பலவும் 18 காரட்டில் செய்யப்படுகின்றன. கல்லில்லாத, எப்போதாவது அணியும் நகைக்கு 22. கல் பதித்த, தினமும் அணியும் நகைக்கு 18 என்பது என் கணக்கு.

எண்ணைவிட அதிகம் வருத்தம் தருவது உள்ளே வெற்றிடமாகச் செய்த சங்கிலியும் வளையலும். பெரிதாகத் தெரியும், எடை குறைவாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். ஒருமுறை நசுங்கினால் பழைய வடிவுக்குக் கொண்டுவருவது மிகக் கடினம்.

வெள்ளைத் தங்க மோதிரம் மஞ்சளாகிவிட்டது. கலப்படமா?

இல்லை. வெள்ளைத் தங்கத்தின் இயல்பான நிறம் சற்று மஞ்சளானது. பளிச்சென்ற வெண்மை மேலே பூசிய ரோடியம் என்ற உலோகத்தால் வருவது. அது தேயும், மறுபடி பூச வேண்டும். அந்தத் தொடர்செலவை விரும்பாதவர்கள் பிளாட்டினம் பார்க்கலாம்.

விலை உயர்ந்த கல்லென்றுதான் வாங்கினேன். ஒரே ஆண்டில் எப்படி மங்கியது, எப்படி விரிந்தது?

கல்லின் விலைக்கும் அதன் உறுதிக்கும் தொடர்பில்லை. பிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, மரகதம் 7.5 முதல் 8, ஓபல் 5.5 முதல் 6.5, முத்து 2.5 முதல் 4.5. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்சு மணலின் எண் 7. அதாவது 7க்குக் கீழே உள்ள எந்தக் கல்லும் தூசியைத் துடைக்கும்போதே கீறலாம். முத்தையும் ஓபலையும் தினமும் அணியும் மோதிரத்தில் பதிப்பது, வாங்கும் நாளிலேயே வருத்தத்தையும் சேர்த்து வாங்குவதுதான். அவை காதிலும் கழுத்திலும் பல தலைமுறை இருக்கும்.

கீறாமல் இருப்பது வேறு, உடையாமல் இருப்பது வேறு. வைரத்தைக் கீற இன்னொரு வைரம் வேண்டும், ஆனால் சரியான கோணத்தில் ஓர் அடி பட்டால் அது சில்லுப் பெயரும். மரகதத்தில் இயற்கையாகவே உள்ள வெடிப்புகளை மறைக்கப் பெரும்பாலும் எண்ணெயோ பிசினோ ஏற்றுகிறார்கள். அது தொழிலில் ஏற்கப்பட்ட வழக்கம்தான் என்றாலும் வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும். அத்தகைய கல்லை ஒலியலைக் கருவியிலோ வெந்நீரிலோ சுத்தம் செய்தால் எண்ணெய் வெளியேறி வெடிப்புகள் வெளியே தெரியும். உங்கள் மரகதம் 'விரிந்தது' இப்படியும் இருக்கலாம். கல்லுக்கு என்ன பதப்படுத்தல் செய்திருக்கிறது என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் போலிதானே?

போலியல்ல. வைரம்போல் தோன்றுவதற்காக விற்கப்படும் சிர்கோனியா வேறு பொருள். ஆய்வக வைரமோ தரையிலிருந்து எடுத்ததைப் போலவே கார்பன் படிகம். உயர் அழுத்த, உயர் வெப்ப முறையிலோ வாயுவிலிருந்து படியவைக்கும் முறையிலோ அதை வளர்க்கிறார்கள். வெறுங்கண்ணாலும் சாதாரண உருப்பெருக்கியாலும் வேறுபாடு தெரியாது. அழகுக்காக வாங்குகிறவருக்கு அதில் குறையில்லை. ஆனால் உற்பத்தி பெருகப் பெருக அதன் விலை வெகுவாகச் சரிந்திருக்கிறது. திரும்ப விற்கலாம் என்ற எண்ணத்தில் வாங்கியவர்களே ஏமாந்தார்கள்; இயற்கை வைரத்தையும் வாங்கிய விலைக்கு விற்பது அரிது.

இன்னொன்று: வைரத்தில் காரட் என்பது எடை, தங்கத்தில்போலத் தரமன்று. முழு ஒரு காரட் என்ற எண்ணுக்காக விலை தாவும். 0.90 காரட் வட்ட வைரத்தின் விட்டம் சுமார் 6.2 மில்லிமீட்டர், 1 காரட்டுக்குச் சுமார் 6.5. இந்த 0.3 மில்லிமீட்டரை எதிரில் இருப்பவர் காணமாட்டார்.

நகை முதலீடு என்கிறார்களே, விற்கப் போனால் ஏன் இவ்வளவு குறைகிறது?

வாங்கும்போது நீங்கள் தங்கத்துக்கும் செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் வரிக்கும் சேர்த்துக் கொடுத்தீர்கள். விற்கும்போது தங்கத்துக்கு மட்டுமே விலை. சிறு கற்கள், எனாமல், உள்ளே நிரப்பிய அரக்கு ஆகியவற்றின் எடை கழிக்கப்படும். வேலைப்பாடு நுணுக்கமாக ஆக ஆக இந்த இடைவெளி கூடும். ஆகவே முதலீடு நோக்கமானால் நாணயமோ கட்டியோ வாங்குங்கள். நகையை அணிவதற்காக வாங்குங்கள். இரண்டு நோக்கத்தையும் ஒரே பொருளின் மேல் ஏற்றியவர்கள், திருடு போய்விடுமோ தேய்ந்துவிடுமோ என்று அதை அணிவதுமில்லை, விற்பதுமில்லை.

நிறையப் பணம் கொடுத்தது, அணிவதே இல்லை, கொடுத்துவிடவும் மனம் வரவில்லை. என்ன செய்வது?

கொடுத்த பணம் பொருளை வைத்திருப்பதால் திரும்பாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மனம் கேட்பதில்லை. 1985இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வொன்றில், நாடகப் பருவச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள் தள்ளுபடி விலைக்குப் பெற்றவர்களைவிட முதல் பாதிப் பருவத்தில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. கொடுத்த பணத்தின் உறுத்தல் நாளடைவில் குறையும் என்பதால், இன்று முடிவெடுக்க முடியாத உடையை ஒரு பெட்டியில் போட்டுத் தேதி எழுதி வைத்துவிடுங்கள். ஆறு மாதம் அதைத் தேடவில்லை என்றால் கொடுப்பது கடினமாக இராது. அதைப் பொருத்தமுள்ள ஒருவருக்குக் கொடுக்கும்போது, ஏன் அணியவில்லை என்ற காரணத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து குறிப்புகள் சேர்ந்ததும், நீங்கள் ஏமாறுவது நிறத்திலா அளவிலா தள்ளுபடியிலா என்பது தெளிவாகும்.

பிடிக்காத பழைய நகையை உருக்கி வேறாகச் செய்வது புத்திசாலித்தனமா?

வடிவம் மட்டுமே பிடிக்கவில்லை என்றால் முதலில் சிறு மாற்றம் போதுமா என்று கேளுங்கள்: காதணியின் தொங்கட்டானைக் கழற்றுவது, சங்கிலியின் நீளத்தைக் கூட்டுவது, வளையலின் பூட்டை மாற்றுவது போன்றவை செலவு குறைந்தவை. முழுவதும் உருக்கினால் மறுபடியும் செய்கூலி உண்டு. பற்றவைத்த இடங்களில் உள்ள பற்றாசு தங்கத்தோடு கலப்பதால் உருக்கிய பின் தரம் எண்ணில் இருப்பதைவிடச் சற்றுக் குறைந்து வரலாம். கற்களை எடுக்கும்போது, மேலே சொன்ன மரகதமும் ஓபலும் உடையும் அபாயம் உண்டு. உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். கற்களை எடுத்த பின் ஒருமுறை, உருக்கிய பின் ஒருமுறை என உங்கள் கண்முன் எடை போடச் சொல்லி, இரண்டு எடைகளையும் தரச் சோதனை முடிவையும் ரசீதில் பதிந்து வாங்குங்கள். நகை நூறாண்டு பழையதானால் உருக்கும் முன், பழைய வேலைப்பாட்டை மதிப்பிடத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். சிலவற்றுக்கு உள்ளிருக்கும் தங்கத்தைவிட அந்த வேலைக்கே விலை அதிகம்.